ஐந்தாவது கை

எட்டு ஆட்டம், ஒரு வெற்றி.
போட்டது ஐந்து, வாங்கியது பத்தொன்பது.
கணக்கு டீச்சர் என்பதால்
தாளை என் பக்கம் நகர்த்தினார் தாளாளர்:
"நீங்களே சொல்லுங்க, இதுக்கு மேல என்ன இருக்கு?"

இருக்கிறது.
எங்கள் மைதானம் மேற்கே சரிந்தது.
கோலுக்கு மேலே போகும் பந்து
மதில் தாண்டி, ஓடை தாண்டி
கேரளத்தில் போய் நிற்கும்.
ஒரு பையன் ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கி
மாநிலம் கடந்து எடுத்து வருவான்.
பால் ஒட்டிய பந்து
அடுத்த உதைக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்பும்.
பத்தொன்பதில் எத்தனை இந்தச் சரிவுக்கு,
எத்தனை பெர்க்மான்ஸுக்கு?
பிரித்துத் தரும் சூத்திரம் எதையும் நான் படித்ததில்லை.

கோப்பில் அவர் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம்:
மட்டிப்பழம் இரண்டு குலை,
பாண்டேஜ்,
கோல் வலை தைக்க நைலான் நூல்.
மேலே சிவப்பு மையில் 'நிதி இல்லை'.
வலை தைத்துத்தான் இருக்கிறது.
கடல்புறத்துப் பையன்கள், வீட்டு நூல்.

பழைய மாணவர் சங்கத்து வில்பிரட்
ஜெர்சிக்குப் பணம் கொடுத்தவர்.
பயலுவ ராத்திரி பாறசாலைக்குப் போய்
செவன்ஸ் ஆடுறானுவ என்றார்,
ஆட்டத்துக்கு ஐந்நூறு, புரோட்டா தனி,
காலையில் நமக்குத் தூக்கக் காலோடு வந்து நிக்கானுவ,
கோச் கண்டும் காணாம இருக்காரு.
உண்மைதான்.
பாதிப் பேருக்குத் தேர்வுக் கட்டணம்
அந்த ஐந்நூறில் வந்ததென்று
அலுவலகத்துக்கும் தெரியும்.
ரசீது கிழித்தது நாங்கள்தானே.

வில்பிரட்டின் தங்கை மகன்
ஆறு ஆட்டம் வெளியே உட்கார்ந்ததை
யாரும் சொல்லவில்லை.
நானும்.

ஆனால் நேற்று
நூலகப் படியில் ஷிஜினைப் பார்த்தேன்.
இரண்டாம் ஆண்டு, வள்ளவிளைக்காரன்.
அந்த ஒரே வெற்றி
கட்டுப் போட்ட அவன் காலில் வந்தது.
இப்போது பக்கவாட்டில், நண்டு மாதிரி,
ஒவ்வொரு படியாக இறங்குகிறான்.
"சார் மேல தப்பு இல்ல டீச்சர்.
வலிக்குதாலேன்னு மூணு மட்டம் கேட்டாரு.
மூணு மட்டமும் இல்லன்னேன்."

காப்பாற்றத்தான் சொன்னான்.
ஒருமுறை கேட்பவர் தெரியாமல் கேட்கிறார்.
மூன்றாம் முறை கேட்பவருக்குத்
தெரிந்திருக்கிறது.

"நீக்கலாம் என்கிறவர்கள்?" என்றார் முதல்வர்.
தாளாளர் கை. வில்பிரட் கை.
விலங்கியல் ஸ்டீபன்சன்
இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார்.
முதல்வருடையது பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

கோல்களை மன்னிப்பேன்.
ஐந்நூறு ரூபாயை, தூக்கத்தை,
வெளியே உட்கார்ந்த அந்தப் பையனை.
முழங்காலை முடியாது.
ஆனால் தூக்கினால் என் கை
அவர்கள் கைகளோடு போய்ச் சேரும்.
"காரணத்தையும் குறிப்பில் எழுதுவீங்களா?"
"தீர்மானம் மட்டும்தான் டீச்சர்."

தூக்கினேன்.
தோள் வரைக்குமே போனது.
எண்ணுவதற்கு அது போதும்.

பஸ்ஸுக்கு மைதானத்தின் கீழோரமாய்த்தான் நடக்க வேண்டும்.
அவரிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.
சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.
ஓடைப் பக்கம் அது எப்போதும் கொஞ்சம் வளைந்தே போகும்.
பந்து உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது.
உதைக்கத் தெரியாது.
குனிந்து எடுத்தேன், பிசுபிசுவென்று.
"டீச்சர், ஹேண்டு!" என்று கத்தினான் ஒருத்தன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
பெர்க்மான்ஸ் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்,
நான்தான் என்று பார்த்தார்,
ஊதாமல் இறக்கிவிட்டு
வணக்கம் சொன்னார்.